அழுங்கல்

வீரமாமுனிவரை நாம் படிப்பதில்லை, புகழ்கிறோம். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தாயிற்று. எகர ஒகரங்களுக்கு இன்றைய வடிவம் தந்தவர், சதுரகராதி செய்தவர், பரமார்த்த குருவையும் சீடர்களையும் ஆற்றங்கரையில் நிறுத்தி நம்மைச் சிரிக்க வைத்தவர் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தாயிற்று. தேம்பாவணியின் 3615 விருத்தங்களில் ஏதோ சில பாடநூல்களில் மாறி மாறி வந்துபோகும். பண்டிதர்களுக்கு அவர் 'வெளிநாட்டார் தமிழ்த்தொண்டு' என்கிற ஒரு அத்தியாயம். நமக்கோ, அதாவது இதைப் படிக்கப்போகிற இருநூறு முந்நூறு பேருக்கு, அந்த அத்தியாயமும் இல்லை. யாப்பை வைத்துக் கணக்குப் போட்ட ஒரு இத்தாலியப் பாதிரி. நம் கவிதைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? இந்த அலட்சியத்தில் எனக்கும் பங்கு உண்டு. அவரைப் படிக்காமலேயே அவரைப் பற்றி முடிவு கட்டியிருந்தேன்.

அந்த முடிவை முதலில் அசைத்தது ஒரு தலைப்பு. 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்று அவருடைய சிற்றிலக்கியங்களில் ஒன்று. சிலுவையில் தொங்கும் மகனைப் பார்த்து மரியாள் புலம்புவது. அழுங்கல் என்றால் வருந்துதல், அழுதல். ஆனால் சங்கப் பாடல்களில் இதே சொல் ஊருக்கு அடையாக வரும்போது ஆரவாரம், இரைச்சல் என்று உரைகாரர்கள் பொருள் எழுதுகிறார்கள். ஒருத்தியின் துக்கமும் ஒரு ஊரின் சத்தமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அகராதி செய்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க நியாயமில்லை. தெரிந்துதான் வைத்தார் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லை மனசில் வைத்துக்கொண்டு, அதே காலத்தில் ஜெர்மனியில் பாஹ் எழுதிய ஒரு ஸங்கீதத்தைக் கேட்டபோது, எனக்கு இரண்டுமே வேறு மாதிரியாகத் தெரிய ஆரம்பித்தன.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏலாக்குறிச்சி. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் கீழப்பழுவூர் தாண்டித் திருமானூர் வரும். அந்தப் பக்கத்தில், கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய ஊர். பழைய திருச்சி ஜில்லா. 1995இல் பெரம்பலூர் மாவட்டத்தில் சேர்ந்து, நடுவில் ஒருமுறை பிரித்துத் திரும்ப ஒட்டவைத்து, 2007இலிருந்து அரியலூர் மாவட்டம். வீரமாமுனிவர் காலத்தில் அரியலூர் மழவராயர்களின் பாளையம். மழவராயர் ஒருவருக்கு வந்த ராஜபிளவையை முனிவர் குணப்படுத்தினார், அதற்கு நன்றியாகக் கோவிலுக்கு நிலம் விட்டார் என்பது ஊர் வழக்கு. ஊருக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர்; கோவிலில் இருப்பவள் அடைக்கல மாதா. திருக்காவலூர்க் கலம்பகமும் அடைக்கல மாலையும் இவளுக்குப் பாடியவை. ஆற்றைத் தாண்டினால் திருவையாறு. 1747இல் வீரமாமுனிவர் இறந்தார்; சரியாக நூறு வருஷம் கழித்து 1847இல் அக்கரையில் தியாகராஜர் இறந்தார். இந்தப் பொருத்தத்துக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஆற்றின் இரண்டு கரைகளில் பக்தி எவ்வளவு வேறான வழிகளில் குரலைத் தேடிக்கொண்டது என்று நினைக்க இது ஒரு சாக்கு.

அவர் பிறந்தது 1680இல், வட இத்தாலியில் மாண்டுவாவுக்குப் பக்கத்தில் காஸ்தில்யோனே என்ற சிறு ஊரில். மாண்டுவா ஸங்கீத சரித்திரத்தில் சாமானியமான இடமில்லை. கொன்சாகா பிரபுக்களின் அரண்மனையில் மோன்தெவெர்தி வேலை பார்த்த ஊர். அங்கேதான் 1607இல் அவருடைய 'ஓர்ஃபேயோ' அரங்கேறியது. மறு வருஷம் 'அரியான்னா' என்று இன்னொரு ஓப்பெரா. கைவிடப்பட்ட ஒரு பெண் கடற்கரையில் நின்று அழுகிற காட்சி அதில் உண்டு. அந்த ஓப்பெரா முழுவதும் தொலைந்துவிட்டது. அந்தப் புலம்பல் மட்டும் மிஞ்சியது. அதைத் தனியாகப் பிரித்துப் பாடினார்கள், பிரதி எடுத்தார்கள், அதைப் பார்த்து இத்தாலி முழுக்க ஆளுக்கொரு புலம்பல் எழுதினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1640-41இல் தன் சமய ஸங்கீதத் தொகுப்பை அச்சிட்டபோது, மோன்தெவெர்தியே அந்த மெட்டுக்கு லத்தீனில் வேறு வார்த்தைகள் போட்டு அதை மரியாளின் புலம்பலாக மாற்றினார். காதலன் விட்டுப்போன பெண்ணின் அழுகை மகனை இழந்த தாயின் அழுகையாகிவிட்டது. மெட்டு மாறவில்லை.

பரோக் என்று ஐரோப்பியர்கள் சொல்கிற காலத்தின் மனசு இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதிர்ச் சீர்திருத்தக் காலத்துக் கத்தோலிக்கத் திருச்சபை, பக்தனின் புத்தியைக் காட்டிலும் அவன் கண்ணீரை நம்பியது. சிற்பம், ஓவியம், ஸங்கீதம் எல்லாவற்றையும் அதற்கு வேலைக்கு வைத்தது. அலங்காரமும் அழுகையும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று நாம் நினைக்கிறோம். நம்முடைய நவீன ரஸனை அப்படி. பரோக் அப்படி நினைக்கவில்லை. வியாகுல மாதாவின் நெஞ்சில் ஏழு வாள்களைச் செருகி, அவளுக்குச் சரிகைப் புடைவையும் கட்டிவிட்டது. இதைத் தமிழ்நாட்டில் யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே ஏற்கெனவே சாமிகள் அப்படித்தான்.

1698இல் சேசு சபையில் சேர்ந்த பெஸ்கி 1710இல் கோவாவுக்கும் மறு வருஷம் தமிழ்நாட்டுக்கும் வருகிறார். 1726இல் தேம்பாவணி. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம். நாட்டுப் படலம், நகரப் படலம் எல்லாம் முறைப்படி உண்டு. யூதேயாவில் நெல் விளைகிறது, கரும்பு நிற்கிறது, தாமரை பூக்கிறது; அதாவது யூதேயாவில் கொள்ளிடம் ஓடுகிறது. இதைக் கம்பனைப் பார்த்துச் செய்த காப்பி என்று தள்ளிவிடலாம். ஆனால் சந்த விருத்தங்களில் அவர் காட்டும் உற்சாகம் இரவல் வாங்கியவனின் உற்சாகம் இல்லை. ஒரு பெரிய ஆர்கன் கைக்குக் கிடைத்த ஆள் அதன் எல்லாக் குழல்களையும் திறந்து பார்ப்பதுபோல இருக்கிறது. சில இடங்களில் சத்தம் தாங்கவில்லை, உண்மை.

காப்பியத்தின் நாயகன் வளன், அதாவது சூசையப்பர். கிறிஸ்து பாடுபடுவதற்கு முன்பே சூசை இறந்துவிடுகிறார் என்பது மரபு. ஆகவே இத்தனை பெரிய காவியத்தின் நட்டநடுவில் சிலுவையை வைக்க அவருக்கு இடம் இல்லை. அந்த அழுகைக்குத் தனியாக ஒரு சிறு நூல் தேவைப்பட்டது என்றுதான் நான் 'அன்னை அழுங்கல் அந்தாதி'யைப் புரிந்துகொள்கிறேன்.

இனி லைப்ஸிக். தேம்பாவணி முடிந்த அடுத்த வருஷம், 1727 ஏப்ரல் 11, பெரிய வெள்ளிக்கிழமை. தோமையார் கோவிலில் பாஹின் 'மத்தேயு பாடுகள்' முதன்முதலாகப் பாடப்பட்டது என்பது இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. கிறிஸ்துவின் வேதனைகளைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'பாடுகள்' என்கிறார்கள். நல்ல சொல். பாடு என்றால் துன்பம். பாடு என்றால் பாட்டுப் பாடு. லத்தீனிலோ ஜெர்மனிலோ இந்த வசதி கிடையாது.

இரண்டு கோரஸ், இரண்டு வாத்தியக் குழு, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். சுவிசேஷத்தை ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது, நம் கதாகாலட்சேபக்காரர் வசனம் சொல்வதுபோல. நடுவில் நிறுத்தித் தனிக் குரல்கள் பாடுகின்றன. கூட்டம் கத்தும் இடத்தில் கோரஸ் கத்துகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், வாசலிலேயே ஒரு காரியம் நடக்கிறது. முதல் கோரஸ், பெண்களை அழ வரும்படி கூப்பிடுகிறது. இரண்டாவது கோரஸ் யாரை, எப்படி, எங்கே என்று துண்டு துண்டாகக் கேட்கிறது. இந்த இரண்டுக்கும் மேலே, வெகு உயரத்தில், மூன்றாவதாக ஒரு குரல் வரிசை, எல்லோருக்கும் தெரிந்த பழைய கோவில் பாட்டு ஒன்றை நிதானமாகப் பாடுகிறது. சாவு வீட்டு வாசலில் வந்து இறங்கும் பெண்களை, உள்ளேயிருந்து ஒருத்தி குரலெடுத்து வரவேற்பதைக் கேட்டு வளர்ந்தவன் எவனுக்கும் இது அந்நியம் இல்லை. நான் இதைக் கேட்ட முதல் தடவை ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. எங்கே இருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

கடைசி கோரஸ் இன்னும் வியப்பானது. உடலை அடக்கம் செய்தாயிற்று. இத்தனை பெரிய சிருஷ்டி எப்படி முடிய வேண்டும்? பாஹ் அதைத் தாலாட்டாக முடிக்கிறார். கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தூங்கவைக்கிற பாட்டு. தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே பெண்ணின் குரல் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். தாலாட்டுப் பாடிய வாய்தான் ஒப்பாரியும் பாடுகிறது, உறவுமுறை சொல்லி அழைக்கிற அதே வழக்கத்தோடு. ஒரு லுத்தரன் தேவாலயத்து வித்வான், ஒரு தபால் இலாகா உத்தியோகஸ்தர் எழுதிக்கொடுத்த சாகித்யத்தை வைத்துக்கொண்டு (பிக்காண்டர் என்ற புனைபெயரில் எழுதிய ஹென்ரிச்சிக்கு அதுதான் உத்தியோகம்) இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

இதே பாடுகளில் ஒரு மெட்டு ஐந்து தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு சுருதியில். 1601இல் ஹஸ்லர் என்பவர் ஒரு காதல் பாட்டுக்காகப் போட்டது. பிறகு கோவிலுக்குள் வந்து, பவுல் கெர்ஹார்ட் எழுதிய, முள்முடி சூடிய தலையைப் பற்றிய பாடலுக்கு மெட்டாயிற்று. அந்தக் கோவிலில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும், கசாப்புக்காரனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும், அந்த மெட்டு வாயில் இருந்தது. லைப்ஸிக் கோவிலில் பணக்காரர்களுக்குத் தனி இருக்கை, மற்றவர்களுக்குப் பின்னால் நிற்க இடம் என்பதெல்லாம் இருந்ததுதான். ஆனால் மெட்டு பொது. பாஹின் மேதைமை அதன்மேல் எழும்பியது.

வீரமாமுனிவருக்கு இது இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஏன் இல்லை? அவருடைய சபைக்கே ஸங்கீதம் புதிதல்ல. அதே சமயத்தில் தென்னமெரிக்காவில் சேசு சபைக்காரர்கள் செவ்விந்தியர்களுக்கு வயலினும் கோரஸும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ட்ஸிபோலி என்று ஒரு இத்தாலியர், ரோமாபுரியில் பேர்பெற்ற ஆர்கன் வித்வான், சபையில் சேர்ந்து 1717இல் கப்பலேறி அர்ஜென்டினாவின் கோர்தோபாவில் போய் இறங்கினார். 1726இல், தேம்பாவணியின் வருஷத்தில், காசநோயில் செத்தார். 1767இல் சேசு சபையை ஸ்பெயின் தன் நாடுகளிலிருந்து விரட்டியது. ஆனால் பொலிவியாவின் சிக்கிடோஸ் கிராமங்களில் அந்த மக்கள் தாளைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துப் பாடிக்கொண்டே இருந்தார்கள். 1970களில் அந்தக் கோவில்களில் ஆயிரக்கணக்கான ஸங்கீதத் தாள்கள் கண்டெடுக்கப்பட்டன. எழுதியவன் போன பிறகும், சொல்லிக்கொடுத்தவர்கள் போன பிறகும், தொண்டைகள் மிச்சமிருந்தன.

மதுரை மிஷனில் நிலைமை வேறு. 1606இல் வந்த ராபர்ட் தெ நோபிலி போட்ட பாதை, பரங்கி என்ற பேரே கூடாது என்பது. காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, சன்னியாசியாக இருப்பது. அந்த வழியில் வயலினுக்கும் ஆர்கனுக்கும் இடமில்லை. சுதேசி வாத்தியத்தை எடுத்துக்கொள்ளலாமே என்றால் அதற்கும் ரோமாபுரியில் சச்சரவு. 1703இல் பாண்டிச்சேரிக்கு வந்த தூர்னோன் என்ற பாப்பரசரின் தூதர், மலபார் சடங்குகளுக்கு எதிராகப் போட்ட கட்டளைகளில், கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் இந்துக் கோவில் திருவிழாக்களில் வாசிக்கக் கூடாது என்பதும் ஒன்று. ஆக, முனிவருக்கு முன்னால் இரண்டு கதவுகளும் பாதி சாத்தியிருந்தன. அவர் மூன்றாவது கதவைத் திறந்தார்: யாப்பு. வண்ணமும் சந்தமும் அந்தாதியும் கலம்பகமும் அவருக்குக் கோரஸ் ஆயின. ஒரே ஆள் அத்தனை குரல்களையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பாடியதுபோல.

ஆனால் கோரஸ் என்பது ஸங்கீத சமாசாரம் மட்டும் அல்ல. சேர்ந்து பாட வேண்டுமானால் முதலில் சேர்ந்து உட்கார வேண்டும். மதுரை மிஷனில் உயர்ஜாதிக்காரர்களுக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி. பறையருக்குத் தனிக் கோவில், அல்லது ஒரே கோவிலில் தனி வாசல், குறுக்குச் சுவர். 1744இல் பாப்பரசர் இந்த வழக்கை ஒருவழியாக முடித்தபோதுகூட, பறையர்களுக்கென்று தனி குருமார்களை வைத்துக்கொள்வது என்பதுதான் கண்ட சமரசம். வீரமாமுனிவர் இதை உண்டாக்கவில்லை. ஆனால் இதற்குள்தான் எழுதினார். அவருடைய அந்தாதியைப் பாடுகிற வாய் எது? தமிழ் கற்ற புலவனின் வாய். ஒப்பாரி பாடுகிற வாய் வேறு. பறை அடிக்கிற கை வேறு. தமிழ்நாட்டிலேயே மிகப் பிரமாதமான சேர்ந்திசை அழுகை, ஏலாக்குறிச்சிக் கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், தினமும் யார் வீட்டுச் சாவுக்காவது நடந்துகொண்டிருந்தது. அது அவருடைய யாப்புக்குள் வரவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு முன்னும் பின்னும் எந்தப் புலவனிடத்திலும் அது வரவில்லை. கித்தேரியம்மாள் அம்மானையில் மட்டும் அவர் பெண்கள் பாடும் வடிவத்துக்கு இறங்கி வந்தார். 'இறங்கி' என்று என்னையறியாமல் எழுதிவிட்டேன். அடிக்க மனசில்லை. நம் வியாதியும் அதுதான்.

இப்போது அவருடைய எதிரிகளைப் பார்க்கலாம். கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்துக்குத் தெற்கே தரங்கம்பாடி. 1706இல் ஸீகன்பால்கு வந்து இறங்கியது முதல் அங்கே ஜெர்மன் லுத்தரன்கள். வீரமாமுனிவர் இவர்களோடு சண்டை போட்டார். வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு எல்லாம் இவர்களுக்கு எதிராக. அவர்களுடைய தமிழை அவர் கேலி செய்தார், கேலிக்கு நியாயமும் இருந்தது. (வேடிக்கை என்னவென்றால் லத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சுப்போட்டது அதே தரங்கம்பாடி அச்சுக்கூடம். விரோதியின் இலக்கணம் இல்லாமல் அவர்களுக்கும் கதி இல்லை.) இந்த லுத்தரன்கள் செய்த ஒரு காரியம், தங்கள் ஊர்க் கோவில் பாட்டுகளை அதே ஜெர்மன் மெட்டில் தமிழில் பாடவைத்தது. அந்த வரிகளைப் பார்த்தால் எதுகை மோனை தெரிந்த எவனும் முகம் சுளிப்பான். சீர் பிளந்து கிடக்கும், நெடில் வரவேண்டிய இடத்தில் குறில் முட்டும். ஆனாலும் மெட்டு இருந்தது. ஒரு முறை கேட்டவன் மறு முறை கூடவே முனகலாம். ஹஸ்லரின் அந்த மெட்டு, பாஹ் ஐந்து தடவை எடுத்தாண்ட அதே மெட்டு, தமிழ் வார்த்தைகளோடு தமிழ்ப் புராட்டஸ்டண்ட் கோவில்களில் பெரிய வெள்ளிக்கிழமைகளில் இன்றும் பாடப்படுகிறது. பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு பாஹின் பேர் தெரியும்? தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. 1986இல் இளையராஜா தன் வீட்டில் பாஹைச் சந்தித்ததாக ஒரு இசைத்துண்டுக்குப் பேர் வைத்தபோது, தமிழனுக்கு பாஹ் அன்றுதான் அறிமுகம் என்று பலரும் நினைத்தார்கள். தரங்கம்பாடித் தெருக்காரர்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே பாஹின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இலங்கையையும் சொல்ல வேண்டும். கோவாவிலிருந்து 1705இல் அங்கே போன யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற கொங்கணிச் சாமியார், டச்சுக்காரர்களின் கெடுபிடிக்கு நடுவே, தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். அவருடைய 'வியாகுல பிரசங்கம்' உரைநடை. ஆனால் வாய்க்குள் படிப்பதற்கான உரைநடை அல்ல. தபசு காலத்து இரவுகளில் கூட்டமாக உட்கார்ந்து நீட்டி ராகமாக ஓதுவதற்கானது. இலக்கணக் கோஷ்டிகள் அதை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. கொன்சால்வெஸ் 1742இல் இறந்தார். வீரமாமுனிவரோடு ஒப்பிட்டால் புலமையில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது என்பார்கள் பண்டிதர்கள். அவர் எழுதியது ஓதப்படுகிறது.

பாஹின் விஷயத்திலும் அப்படி ஒன்றும் தானாக நடந்துவிடவில்லை. 1750இல் அவர் இறந்த பிறகு மத்தேயு பாடுகளை ஊர் மறந்தது. 1829 மார்ச் 11இல் பெர்லினில் மெண்டல்ஸோன், அப்போது வயது இருபது, அதில் பல பகுதிகளை வெட்டிவிட்டு மறுபடி பாடவைத்தார். மேதையை மேதை கண்டுகொண்ட கதையாக இதைச் சொல்வது வழக்கம். நான் கவனிப்பது வேறொன்று. பாடியது ஸிங்அகாடமி என்ற சங்கம். அதில் பாடியவர்கள் பெரும்பாலும் தொழில்முறைப் பாடகர்கள் அல்ல, வேறு வேலையும் குடும்பமும் உள்ளவர்கள், சேர்ந்து பாடுவதற்காகவே கூடியவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் மெண்டல்ஸோன் கையில் இருந்தது வெறும் தாள். தேம்பாவணிக்கும் 1851-53இல் ஒரு மறுபிறப்பு வந்தது. பாண்டிச்சேரியில் மூன்று காண்டமும் அச்சாயின. அச்சானவுடன் அது புத்தகம் ஆயிற்று. புத்தகமாகவே இருக்கிறது.

யாப்பில் இருந்தது ஸங்கீதத்துக்கு நிகரில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். பாஹின் பி மைனர் பூசை ஸங்கீதத்தில் (1749 வாக்கில் முழுவடிவம் பெற்றது, அவர் அதை முழுசாகக் கேட்கவில்லை, முழுசாகப் பாடப்பட்டது 1859இல்தான்) சிலுவையில் அறையப்பட்டதைச் சொல்லும் ஒரு சிறு கோரஸ் உண்டு. கீழே பாஸ் வாத்தியங்களில் நாலு சுற்று நீளமுள்ள ஒரு வரி, அரை அரை ஸ்வரமாக இறங்குகிறது. இறங்கி முடிந்ததும் மறுபடி மேலிருந்து. மறுபடி. பதின்மூன்று தடவை. மேலே குரல்கள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாகத் தடுமாறுகின்றன. கீழே இறங்குவது மட்டும் நிற்பதில்லை. ஒப்பாரியில் ஒருத்தி உச்சியில் எடுத்து மூச்சு தீரும்வரை இறங்கி, அடி தொட்டதும் மறுபடி உச்சிக்குப் போவதை இதனோடு வைத்துக் கேட்கலாம். அந்தாதியும் இதே காரியத்தைத்தான் சொல்லால் செய்கிறது. ஒரு பாட்டு முடிகிற சொல்லிலிருந்து அடுத்த பாட்டு எழ வேண்டும். கடைசிப் பாட்டின் கடைசிச் சொல் முதல் பாட்டின் முதல் சொல்லில் போய் முட்ட வேண்டும். துக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை யாரால் யோசிக்க முடியும்? அழுது முடிந்தது என்று நினைக்கிற சொல்லே அடுத்த அழுகைக்கு வாய் திறக்கிறது. அந்தாதித்தொடை என்று நாம் பரீட்சைக்குப் படித்ததை ஒரு தாயின் புலம்பலுக்கு வைக்கத் தோன்றியவரை யாப்புக் கணக்கர் என்று நான் இனிச் சொல்லமாட்டேன்.

ஒரே வித்தியாசம். பாஹில் பதின்மூன்றாவது தடவை அந்த வரி திசை மாறுகிறது. குரல்கள் தாழ்ந்து, உடலைக் கல்லறையில் வைக்கிற வார்த்தையில், இதுவரை இல்லாத ஒரு மேஜர் சுரத்தில் போய் இறங்கி நின்றுவிடுகிறது. அந்தாதி மண்டலித்துத் தன் முதலுக்கே திரும்பிவிடும். வெளியே போக வழி கிடையாது.

நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து நாம் வாயை மூடிக்கொண்டு படிக்கும் கவிதையை எழுதக் கற்றுக்கொண்டோம். அது அவசியமாக இருந்தது. கவியரங்கக் கூச்சலும் கைதட்டலுக்காக இரண்டு தடவை சொல்லப்படும் வரியும் கவிதையை என்ன செய்துகொண்டிருந்தன என்பது தெரிந்ததே. சத்தத்திலிருந்து தப்பிக்க நாம் காகிதத்துக்குள் போனோம். நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நம் கவிதையில் யாராவது செத்தால் ஒரே ஒருவன்தான் அழுகிறான். அவனும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. ஒரு ஊர் அழுகிற கவிதை நம்மில் யாரிடம் இருக்கிறது? எனக்குத் தெரிந்து நான் எழுதவில்லை. வீரமாமுனிவர் ஊர்ச் சத்தத்தைத் தன் தலைப்பில் ஒரு சொல்லாக மட்டும் வைத்துக்கொண்டார் என்று நான் மேலே குறைபட்டேன். நம்மிடம் அந்தச் சொல்கூட இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தேன். சிலுவைப் பாதை முடிந்து, ஆளுயர மரச் சிலுவையிலிருந்து சுரூபத்தை இறக்கி, வெள்ளைத் துணி விரித்த தூம்பாவில் கிடத்தியிருந்தார்கள். கீபோர்டு வைத்திருந்த பையன்கள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒலிபெருக்கி நின்றது. அப்போது தூம்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி குரலெடுத்தாள். அது வீரமாமுனிவருடையது அல்ல, யாருடையதும் அல்ல. வீட்டில் சாவு விழுந்தால் பாடுகிற அதே பாட்டு, பேர் மட்டும் மாறியிருந்தது. இரண்டாவது அடியில் பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள். பிறகு நாலைந்து பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருத்தி மூச்சு விடுகிற இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள். அரை மணி இருக்கும். கடைசி பஸ்ஸை நினைத்து நான் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினேன். கிழவி பாட்டை நிறுத்தாமலேயே என்னைக் கவனித்திருக்கிறாள். அடுத்தவள் எடுத்த இடைவெளியில் என் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"இன்னும் அடக்கம் ஆவலியே தம்பி, அதுக்குள்ள எங்க கெளம்புற?"

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். பஸ் போய்விட்டது.